பதினொரு மணிக்கு ஆன் ஆகவேண்டிய பெட்டி

— யாரைக் கேட்டு இதை ஆன் பண்ணீங்கம்மா?

— கம்ப்யூட்டர் டெக்னீஷியன் நான், ஆன் பண்ணாம எப்படி சார் செக் பண்றது? மொதல்ல இந்தப் பட்டுத் துணியை எடுங்க. பெட்டிக்கு மூச்சு முட்டுது.

— துணியைத் தொடாதீங்க! அது துணி இல்ல, திரை. நம்ம ஆஸ்பத்திரித் தலைவர் ஐயா பதினொரு மணிக்கு அதைத் தன் கையால விலக்கி, தன் கையால ஸ்விட்சை அழுத்தி, நம்ம ஆஸ்பத்திரியோட புதிய தகவல் களஞ்சியத்தை ஆன் பண்ணி வைக்கிறார். அழைப்பிதழ்ல அப்படித்தான் அச்சாகியிருக்கு. நோட் பண்ணிக்கோங்க, 'இயக்கி வைத்துச் சிறப்புரை ஆற்றுவார்'. நான் எழுதினது.

— நல்லா எழுதியிருக்கீங்க மேனேஜர் சார். ஆனா இதுக்கு முன்பக்கமா காத்து உள்ள போகணும், பின்பக்கமா வெளிய வரணும். முன்னாடி துணியைப் போட்டா, கம்பளியைப் போத்திக்கிட்டு ஓட்டப் பந்தயம் ஓடற மாதிரி. பீப் பீப்னு கத்துதே, கேக்கலையா?

— கேட்டுச்சு. அதான் ரெண்டு மாடி இறங்கி ஓடி வந்தேன், ஆன் ஆகாத பெட்டி எப்படிக் கத்துதுன்னு பார்க்க.

— அது ஆன் ஆகி இருபத்தொன்றரை மணி நேரமாச்சு சார்.

— என்னது?

— நேத்து காலையில பதினொன்றரைக்கு ஆன் பண்ணேன். உங்களைத் தேடினேன். ரிப்பன் வாங்கப் போயிருக்கார்னு சொன்னாங்க.

— ரிப்பன் இல்லம்மா, கத்தரிக்கோல். ரிப்பன் முந்தாநாளே வந்தாச்சு. ஐயோ, கல்வெட்டுல 'முற்பகல் பதினொரு மணிக்கு'ன்னு வெட்டியாச்சும்மா, கல்லுல! யோவ் ஃப்யூஸ், நீ இங்க என்ன பண்றே?

— எலக்ட்ரீஷியன் கரண்ட் இருக்கிற எடத்துலதானே சார் நிப்பான். துணியை எடுத்துட்டேன் தங்கச்சி. பாருங்க, கத்தறது நின்னுடுச்சு.

— நல்ல காரியம் பண்ணீங்கண்ணே.

— சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப ஆஃப் பண்ணுங்க.

— முடியாது சார்.

— ஆன் பண்ணத் தெரியுது, ஆஃப் பண்ணத் தெரியாதா?

— தெரியும். பண்ண மாட்டேன். ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் வாங்க. மூலையில இரும்பு அலமாரி மாதிரி நிக்குதே பழைய ரேக், அது ஒன்பது வருஷமா ஒரு நாள்கூட நிக்காம ஓடுது. இங்க எடுத்த எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் அதுக்குள்ளதான். மொத்தம் பன்னெண்டு டிஸ்க். அதுல ரெண்டு செத்தாலும் தாங்கும்.

— தாங்கட்டுமே.

— ரெண்டும் செத்தாச்சு சார். திங்கக்கிழமை ஒண்ணு, புதன்கிழமை ஒண்ணு. அந்த மாடல் இப்ப யாரும் செய்யறதில்ல, அதனால மாத்தவும் வழியில்ல. அதோ ஏழாவது டிஸ்க்ல மஞ்சள் விளக்கு எரியுது பாருங்க. அது மூணாவது ஆள், கிளம்பத் தயாரா இருக்கு. அதுவும் போச்சுன்னா மொத்தப் படமும் போச்சு.

— மஞ்சள் விளக்கு போட்டோவுல விழுமேம்மா. மேல ஒரு பச்சைக் காகிதம் ஒட்டலாமா?

— ஒட்டலாம் சார். டிஸ்க்குக்குத் தெரியாது. அது பாட்டுக்குச் செத்துப்போகும்.

— அதனாலதானே புதுசு வாங்கினோம்!

— அதனாலதானே புதுசு வந்ததும் ஆன் பண்ணி, செக் பண்ணி, பழசுல இருக்கிறதை இதுக்கு மாத்த ஆரம்பிச்சேன். இந்தக் கம்ப்யூட்டர் திரையில நம்பர் தெரியுதா? எண்பத்தாறு. நூத்துக்கு எண்பத்தாறு பங்கு வந்தாச்சு. ஒரு பங்குக்குக் கால் மணி நேரம். இப்ப மணி ஒன்பது. பன்னெண்டரைக்கு முடியும்.

— பதினொண்ணுக்கு ஒரு பத்து நிமிஷம் நிறுத்துங்க. ஐயா ஆன் பண்ணட்டும். அப்புறம் விட்ட எடத்துல இருந்து...

— விட்ட எடம்னு ஒண்ணு கிடையாது. பழைய பெட்டிக்கு அந்த ஞாபகமெல்லாம் இல்ல. நடுவுல நிறுத்தினா மறுபடி மொதல்ல இருந்து, இருபத்தஞ்சு மணி நேரம். அதுவரைக்கும் அந்த மஞ்சள் விளக்கு தாங்கும்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, இப்பவே நிறுத்தறேன்.

— நான் எதுக்கும்மா கையெழுத்துப் போடணும்? என் பதினெட்டு வருஷ சர்வீஸ்ல நான் கையெழுத்துப் போட்டதெல்லாம் நன்றிக் கடிதத்துலதான்.

— இன்னொண்ணும் கேளுங்க. இது பழைய படத்துல ஆரம்பிச்சுப் புதுப் படத்துக்கு வரும். மிச்சம் இருக்கிறதெல்லாம் இந்த வருஷத்துப் படம்.

— இந்த வருஷம்னா, இப்ப மேல மாடியில படுத்திருக்கிற ஆளுங்க படம், இல்லையா தங்கச்சி? சார், எங்க அக்கா மூணாவது மாடியில இருக்கு. நாளைக்குக் காலையில தலையில ஆபரேஷன். மூணு ஸ்கேனைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டுத்தான் கத்தியே எடுப்பேன்னு டாக்டரு சொல்லியிருக்காரு.

— அடடா. சொல்லவே இல்லையேய்யா.

— சொன்னேனே சார். லீவு லெட்டர்ல எழுதியிருந்தேன். நீங்க எழுத்துப்பிழையைச் சிவப்பு மையில திருத்தித் திருப்பிக் குடுத்தீங்க.

— அது... மூணு தப்பு இருந்துச்சுய்யா. சரி, ஸ்கேன்தானே? மறுபடி எடுத்துக்கலாமே.

— ஆறு மாசத்துக்கு முன்னாடி இருந்த தலையை இப்ப எப்படி சார் எடுக்கிறது?

— என்னை ஆளாளுக்கு மடக்கறீங்க. சரிய்யா, நீயே ஒரு வழி சொல்லு.

— ஒரு பட்டன், ஒரு பச்சை பல்பு. ஐயா அமுக்குவாரு, பல்பு எரியும், கைதட்டுவாங்க. மிஷின் தன் வேலையைப் பார்த்துட்டு இருக்கும். பத்து நிமிஷத்துல வயரிங் பண்ணிடுவேன்.

— மோசடி! நான் இருக்கிற வரைக்கும் இந்த ஆஸ்பத்திரியில மோசடி நடக்காது. அதுவும் இல்லாம, அவர் தொட்டுப் பார்ப்பார்.

— எதை சார்?

— எதைத் திறந்து வைக்கிறாரோ அதை. போன வருஷம் தண்ணி மோட்டார் திறப்பு விழா, நீங்க இல்ல அப்போ. ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி மோட்டார் மேல உள்ளங்கையை வச்சார். வெதுவெதுன்னு இருந்துச்சு. திரும்பிப் பார்த்து, 'எனக்கு முன்னாடி இதைத் திறந்து வச்சது யாரு?'ன்னு கேட்டார். அவ்வளவுதான். அந்த இன்ஜினியர் இப்போ கிடங்குல மடக்கு நாற்காலி எண்ணிட்டிருக்கார்.

— அவரை ஏமாத்த முடியுமா சார்? அந்தக் காலத்துல எங்க பெரியப்பா கடையிலதானே மோட்டாருக்குக் காயில் சுத்திட்டிருந்தாரு. கையை வச்சாருன்னா...

— ஷ்ஷ்! அதை வெளிய பேசாதேய்யா! வாழ்க்கைக் குறிப்புல நான் 'இளமை முதலே மின்னியல் துறையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர்'னு எழுதியிருக்கேன். அதோட நிறுத்திக்கோ.

— சார், பொய் சொல்லாமலே ஒரு வழி இருக்கு. புது ரேக்ல கீழ பாருங்க. முழங்கால் உயரத்துல ஒரு பெட்டி.

— இருட்டா கிடக்கே.

— அதுதான் விஷயம். அடுத்த வருஷத் தேவைக்காகச் சேர்த்து வாங்கின துணைப் பெட்டி அது. டிஸ்க் இன்னும் வரலை, துளைக்கெல்லாம் வெறும் மூடி போட்டிருக்கு. இதுவரைக்கும் கரண்டே பார்த்ததில்ல. தொட்டுப் பாருங்க.

— சில்லுனு இருக்கும்மா!

— அதையும் ஆன் பண்ணி, ஃபேன் சுத்துதா, விளக்கு ஒழுங்கா வருதான்னு பார்த்து நான் இன்னைக்கு எழுதிக் குடுத்தாகணும். அதை ஐயா ஆன் பண்ணட்டும். நெஜமாவே புதுசு, நெஜமாவே முதல் தடவை.

— காலிப் பெட்டியையாம்மா தலைவர் ஐயா திறந்து வைக்கிறது?

— போன மாசம் காலிக் கட்டடத்தைத் திறந்து வச்சாரே சார். கதவுகூட மறுநாள்தான் வந்துச்சு.

— அது முதற்கட்டம்யா.

— இதுவும் முதற்கட்டம்னு வச்சுக்குங்க.

— ம்ம்... 'முதற்கட்ட இயக்கம்'. கேக்க கம்பீரமாத்தான் இருக்கு. ஸ்விட்ச் எங்க இருக்கு?

— பின்னாடி.

— பின்னாடின்னா?

— ரேக்குக்குப் பின்பக்கம் சார், அடியில. இந்தப் பெட்டிங்களுக்கெல்லாம் அங்கதான் இருக்கும்.

— தலைவர் ஐயா ரேக்குக்குப் பின்னாடி போய், மண்டி போட்டு, கையை உள்ள விட்டு... போட்டோவுல என்னம்மா தெரியும்?

— கால் செருப்புத் தெரியும் சார்.

— யோவ்!

— கோவப்படாதீங்க. தங்கச்சி, இப்படிப் பண்ணலாமா? பின்னாடி இருக்கிற ஸ்விட்சை ஆன்லயே விட்டுடுவோம். இந்தப் பெட்டிக்கு வர்ற கரண்ட்டை மட்டும் மேசை மேல ஒரு பட்டன் வழியா கொண்டுவர்றேன். ஐயா பட்டனை அமுக்கினாத்தான் பெட்டிக்குக் கரண்ட். இதுல மோசடி இல்லையே?

— இல்லண்ணே. ஆனா இதுக்கு ரெண்டு லைன் வரணும். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கணும். ஒரு லைனை உங்க பட்டன் வழியா குடுங்க. ரெண்டாவதை நான் பின்னாடி நின்னு போடறேன். ஒண்ணுல மட்டும் ஓடுதான்னும் பார்த்த மாதிரி ஆச்சு.

— ஒத்திகை எப்போ? ஒரு தடவை அமுக்கிப் பார்த்துடுவோம்.

— அமுக்கினா சூடாயிடும் சார்.

— ஐயோ! அப்போ ஒத்திகை இல்லாமலா? ஆன் ஆகலைன்னா?

— நூறு தடவைக்குத் தொண்ணூத்தொன்பது தடவை ஆகும்.

— அந்த ஒண்ணு?

— அந்த ஒண்ணுக்குத்தான் சார் செக் பண்றதுன்னு பேரு.

— இந்தம்மா பேசறதைக் கேட்டா எனக்கு மயக்கமா வருது.

— ஒரு நிமிஷம். இது என்ன வெள்ளை வயர்? பழைய ரேக்கோட பவர் பட்டையில யாரு இதைச் செருகினது?

— அதுவா? மைக் செட். சுவர்ல பிளக் இல்லைன்னாங்க. இங்க நாலு துளை சும்மாதானே இருக்கு, செருகிக்கோங்கன்னு நான்தான் சொன்னேன்.

— சும்மா இல்ல சார்! ரேக்குக்கு வர்ற லைன் இது. உங்க மைக் செட் ஒரு தடவை கூவி, பிரேக்கர் விழுந்து கரண்ட் போனா, ஒன்பது வருஷமா ஓடறது நிக்கும். நின்னா மறுபடி எழும்பாது. டிஸ்க் சுத்திட்டே இருக்கிற வரைக்கும் சுத்தும், நின்ன உடனே உள்ள ஒட்டிக்கும். அண்ணே, இதை இப்பவே எடுத்துடுங்க.

— எடுத்தாச்சு. வராந்தாவுல இருந்து தனி லைன் இழுத்துத் தர்றேன் சார், உங்க குரல் ஊர் முழுக்கக் கேக்கும்.

— சார், ஒண்ணே ஒண்ணு. பன்னெண்டரை வரைக்கும் பழைய ரேக் பக்கம் யாரும் போகக் கூடாது, யாரும் எதையும் அமுக்கக் கூடாது. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.

— நோட் பண்ணிக்கிட்டேன்மா. இதோ பாருங்க, நோட்டுலயே எழுதிட்டேன். 'பழைய ரேக், தொடக் கூடாது.' அடிக்கோடும் போட்டாச்சு. இப்ப நான் போய் அந்தக் கத்தரிக்கோலைத் துடைக்கணும்.

* * *

— போயிட்டாரா அண்ணே?

— போயிட்டாரு. கத்தரிக்கோலுக்குத் தட்டு ஒண்ணு தேடறாரு. நம்பர் எவ்வளவு?

— தொண்ணூத்திரண்டு. மணி பத்தரை, கணக்கா போகுது. செக் லிஸ்ட்டைப் படிக்கறேன், பார்த்துச் சொல்லுங்க. முதல் லைன், பட்டன் வழியா.

— இருக்கு. இழுத்துப் பார்த்தேன், ஆடலை.

— ரெண்டாவது லைன், பின்னாடி, ஸ்விட்ச் ஆஃப்.

— ஆஃப்.

— ஃபேன் ரெண்டும் உள்ள முழுசா போயிருக்கா? 'டக்'னு சத்தம் வரணும்.

— இடதுபக்கம் டக். வலதுபக்கம்... டக்.

— ரேக்ல திருகு நாலும்?

— மூணு இறுக்கம். ஒண்ணு லூசு. இந்தா, இப்ப நாலு. ஏன் தங்கச்சி, அந்த மஞ்சள் விளக்கு காலையில நிதானமா மினுக்கிட்டிருந்துச்சு. இப்ப கொஞ்சம் வேகமா மினுக்குதா, இல்ல எனக்குத்தான் அப்படித் தெரியுதா?

— வேகமாத்தான் மினுக்குது.

— அப்படின்னா?

— அப்படின்னா, அது படிக்கறதுக்குக் கஷ்டப்படுது. ஆனா படிக்குது. உங்க அக்கா பேர் சொல்லுங்க, எந்தப் பங்குல வருதுன்னு பார்த்துச் சொல்றேன்.

— வேண்டாம். அவ பேரைச் சொன்னாலே எதிர்த்து எதிர்த்துப் பேசுவா, டிஸ்க்கும் அப்படியே பண்ணிடும். சின்ன வயசுல இருந்து நான் தொட்ட பல்பெல்லாம் ஃப்யூஸ் போகும்னு எனக்கு இந்தப் பேரை வச்சதே அவதான். ஆஸ்பத்திரி வரைக்கும் தொடர்ந்து வந்துடுச்சு.

— பார்த்துட்டேன். நாளைக்குத் தலை ஆபரேஷன் ஒண்ணுதானே, அந்த மூணு படத்து நம்பர்லயும் தேதி இருக்கு, அதை வச்சே தெரியும். ஆறு மாசத்துக்கு முந்தினது வந்தாச்சு. ரெண்டாவது இப்ப வந்துட்டிருக்கு. கடைசிப் படம் போன வாரம் எடுத்தது, அது நூறுக்குக் கிட்டத்தான் வரும்.

— எங்க போனாலும் கடைசியாத்தான் வருவா. கல்யாணத்துக்கும் அப்படித்தான் வந்தா, அவ கல்யாணத்துக்கே.

— அண்ணே, தலைவர் சரியா பதினொண்ணுக்கு வந்துடுவாரா?

— அவரா? கல்லுலதான் பதினொண்ணு வெட்டியிருக்கு. அவரு எந்த விழாவுக்குங்க நேரத்துக்கு வந்திருக்காரு?

— லேட்டா வரட்டும். இன்னைக்கு ஒரு நாள் நல்லா லேட்டா வரட்டும்.

* * *

— வந்தாச்சு தங்கச்சி! பதினொண்ணு இருபத்தஞ்சு. நம்பர்?

— தொண்ணூத்தஞ்சு. நீங்க பட்டன் கிட்ட நில்லுங்க. நான் பின்னாடி போறேன்.

— அலோ, அலோ. மைக் டெஸ்டிங். பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட பெரியோர்களே! கருணையின் கடலே, எளிமையின் இமயமே, இந்த ஆஸ்பத்திரியின் அணையா விளக்கே என்று நாம் அனைவரும் போற்றும் நம் தலைவர் ஐயா அவர்கள், தமது எண்ணற்ற பணிகளுக்கு இடையே, இந்தப் பொன்னான தருணத்தில், இந்தக் குளிர்சாதன அறைக்கு எழுந்தருளி...

— அறிமுகமே முடியாது போலிருக்கே தங்கச்சி.

— முடிய வேண்டாம்ணே. கால் மணி நேரம் பேசினா எனக்கு ஒரு பங்கு.

— ...இளமை முதலே மின்னியல் துறையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டு...

— போதும்யா, போதும். எதை ஆன் பண்ணணும்? இதுவா?

— அதேதான் ஐயா! கீழ இருக்கிறது! ஐயா குனிய வேண்டாம், குட்டை நாற்காலி போட்டிருக்கேன், மெத்தை வச்சு...

— எனக்கு முழங்கால் நல்லாத்தான்யா இருக்கு. நாற்காலியைத் தூக்கு. ம்... சில்லுனு இருக்கு. நல்லது. பட்டன் வயரிங் யாரு பண்ணது?

— நான்தாங்க ஐயா.

— முடிச்சு சுத்தமா இருக்கு. உங்க பெரியப்பா கை. அமுக்கட்டுமா?

— அமுக்குங்க ஐயா! எல்லாரும் கைதட்டுங்க! போட்டோ, போட்டோ! ஐயோ, என்னம்மா இது, விமானம் கிளம்பற மாதிரி சத்தம்!

— ஆரம்பத்துல அப்படித்தான் சார். ஃபேன் முழு வேகத்துல சுத்திப் பார்த்துக்கும். அரை நிமிஷத்துல அடங்கும்.

— மஞ்சள்! மஞ்சள் விளக்கு வருதும்மா! கைதட்டை நிறுத்துங்க! போட்டோ எடுக்காதே!

— ஏன்யா கத்தறே? ஒரு லைன்தான் வந்திருக்கு, அதைத்தான் சொல்லுது. ரெண்டாவது எங்கம்மா?

— இதோ போடறேன் ஐயா.

— அப்படி. பச்சை வந்துடுச்சு பாரு.

— ஒரு லைன்ல ஓடுது, டிக். ரெண்டு லைன்ல பச்சை, டிக். சத்தம் அடங்கிடுச்சு, டிக். பெட்டி நம்பர் ரெண்டுன்னு காட்டுது, டிக். சரியா இருக்கு ஐயா. கையெழுத்துப் போட்டுடறேன்.

— கைதட்டுங்க! இன்னும் பலமா! பார்த்தீர்களா, தலைவர் ஐயா கை பட்டதும் மஞ்சளும் பசுமையானது! அன்பர்களே, இந்த மகிழ்ச்சியோடு மகிழ்ச்சியாக இன்னொரு அறிவிப்பு. புதியதைத் துவக்கி வைத்த அதே பொற்கரங்களால், ஒன்பது ஆண்டுகள் உழைத்துக் களைத்த பழைய ரேக்கையும் நம் தலைவர் ஐயா அவர்கள் இப்போதே நிறுத்தி, அதற்கு நிரந்தர ஓய்வு அளிப்பார்!

— சார்! என்ன சார் சொல்றீங்க?

— ஷ்ஷ். வாயில வந்துடுச்சும்மா.

— தொடக் கூடாதுன்னு சொன்னேனே! எழுதி அடிக்கோடு போட்டீங்களே!

— நோட்டு மேல மாடியில இருக்கும்மா! அதுக்குள்ள எல்லாரும் கைதட்டிட்டாங்க. தட்டின கையை எப்படித் திருப்பி வாங்கறது?

— தங்கச்சி, அவரு நடக்க ஆரம்பிச்சுட்டாரு.

— நம்பர் தொண்ணூத்தேழுதாண்ணே ஆகியிருக்கு.

— எங்கய்யா அந்தப் பழசு? மூலையில நிக்குதே, இதுவா?

— ஐயா, ஒரு நிமிஷம்...

— இரும்மா. நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை கையை வச்சுப் பார்க்கிறேன். ...சூடா இருக்கே.

— வயசாயிடுச்சுங்க ஐயா! சும்மா நிக்கும்போதே அப்படித்தான்! அதோட வேலையெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. தாங்கள் தயங்காம அமுக்கலாம். போட்டோக்காரர் இந்தப் பக்கம் வாங்க!

— வயசான சூடு எனக்குத் தெரியும்யா. அது ஒரு மூலையில மட்டும் சுடும். இது முழுசா சுடுது. சுமை இழுத்துட்டிருக்கிற சூடு இது. ஏம்மா, அந்தத் திரையில தொண்ணூத்தேழுன்னு நிக்குதே, அது என்ன?

— அது... ஐயா, இதை நிறுத்தறதுக்கு முன்னாடி, இது செஞ்ச சேவையைப் பத்தி நீங்க நாலு வார்த்தை பேசினா நல்லா இருக்கும்.

— சிறப்புரையா? ஐயாவோட உரை கடைசியிலதானேம்மா. நிகழ்ச்சி நிரல்ல அப்படித்தான் இருக்கு. மொதல்ல அமுக்கட்டும்.

— பேசுங்க ஐயா. கும்பிட்டுக் கேக்கறேன், பேசுங்க. எங்க அக்காவுக்காகவாவது பேசுங்க.

— உங்க அக்கா எங்கய்யா இருக்கு?

— மூணாவது மாடியில ஐயா. நாளைக்குக் காலையில ஆபரேஷன்.

— ம்.

— ஐயா, பட்டன் இந்தப் பக்கம் இருக்குங்க...

— மேனேஜர், அந்த மைக்கை இங்க குடுத்துட்டு நீ போய் உக்காரு. எல்லாரையும் உக்காரச் சொல்லு, நின்னா கால் வலிக்கும். கதவையும் சாத்தச் சொல்லு, யாரும் நடுவுல எழுந்து போகக் கூடாது. ஏம்மா, மைக் ஆஃப்லதானே இருக்கு?

— ஆஃப்லதான் இருக்குங்க ஐயா.

— அப்போ எத்தனை நிமிஷம் பேசணும்னு மட்டும் சொல்லு.